போட்டு வாறன்

பொழுது மங்கும் பின்னேரம். இத்தாலியில் ஒரு மலை றோட்டு. பஸ் அதன் முடிவில் நின்றுவிடும். அங்கிருந்து மேலே ஒற்றையடிப் பாதை… ஆள் அரவம் கிடையாது. என் கூட்டாளி கிளின்ரனின் மச்சாள் மரினாவுக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

மரினா லண்டன் நோர்பரிக்காரி. குடும்பத்தில் முதல் பட்டதாரி. சின்ன வயதிலிருந்தே கவுன்சிலிலும் ஆஸ்பத்திரியிலும் தாய்க்கு மொழிபெயர்த்து அலுத்தவள். மஞ்செஸ்ரரில் வேலை கிடைத்து, அறையும் எடுத்துவிட்டாள். தாய் றோஸ்மலர் சண்டை பிடிக்கவில்லை. போகமுதல் ஒருக்கால் என்னோடு யாத்திரைக்கு வா என்று மட்டும் கேட்டார். பாசத்தால் கட்டிப்போடுகிறவர்கள் சத்தம் போடுவதில்லை.

அந்த ஒற்றையடிப் பாதையின் மேலே பிரான்சிஸ்கன் துறவிகளின் பழைய மடம். பல நூறு வருசத்துக் கல். பாறையைக் குடைந்து அறைகள். கூட வந்த எல்லோரும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள், தாயும்தான். மரினா கடைசி அறைக்குள் குனிந்து நுழைந்தாள். கதவு இடுப்பளவுதான். உள்ளே நனைந்த கம்பளி மணம்… அப்போதுதான் அணைந்த மெழுகுதிரி மணம். ஒரு பலகை. அதில் பழுப்பு அங்கியோடு ஒரு கிழவர், முகம் சுவர்ப்பக்கம்.

செபத்தைக் குழப்பிவிட்டோமோ என்று அவளுக்குக் கூச்சம். பழகிய வாய், தானாகச் சொன்னது.

"போட்டு வாறன், பாதர்."

போய்விட்டு வருகிறேன் என்பதுதான் அது. நம் ஆட்கள் எவரும் வெறுமனே 'போறன்' என்று சொல்லி வாசல் தாண்டமாட்டார்கள். அப்படிப் போவது பிரேதம்தான்.

கிழவர் திரும்பவில்லை. பலகையில் சற்று நகர்ந்து இடம் விட்டார். சரக்… அங்கி கல்லில் உரசிய சத்தம்.

மரினா விறுவிறென்று இறங்கினாள். பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது… அந்தக் கதவு. வழி பிழைத்துவிட்டது என்று மற்றப் பக்கத்தால் இறங்கினாள். திரும்பினாள்… அதே கதவு. கீழே பஸ்காரன் ஹோர்ன் அடிப்பது நல்லாகக் கேட்கிறது. ஓடினாள். மூச்சு வாங்க, கல்லில் சறுக்கி, முழங்கால் உரிந்து… கதவு. உள்ளே சரக்… பலகையில் இப்போது ஒருவர் தாராளமாக இருக்கலாம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வருகிறேன் என்று சொன்னது அவள்தானே.

வாசலுக்கு வெளியே நின்றாள். சின்ன வயதில் வாயில் அடி வாங்கித் தந்த சொல். அதைச் சொன்னாள்.

"நான் போறன். இனி வரமாட்டன்."

மணம் சட்டென்று அறுந்தது. அடுத்த திருப்பத்தில் பஸ் நின்றது.

லண்டனுக்கு வந்து இரண்டு கிழமை. மஞ்செஸ்ரருக்கு வெளிக்கிட்டாள். பட்டப்பகல், தெருவெல்லாம் வெயில். றோஸ்மலர் வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றார். மரினா நேராக அவர் முகத்தைப் பார்த்து, "போறன் அம்மா" என்றாள்.

தாய்க்குக் கோபமே வரவில்லை.

"நீ என்னத்தையும் சொல்லு பிள்ளை. உனக்கு முன்னமே நான் அந்தக் கடைசி அறைக்குள்ளை போனனான். உனக்காக நானே சொல்லிப்போட்டு வந்தனான்… என்ரை மகள் எங்கை போனாலும் திரும்பி வருவாள் எண்டு."

மரினா சூட்கேஸின் சில்லு கடகடக்கத் தெரு முனைவரை நடந்தாள். முனையில் பஸ் ஸ்டொப். ஆட்கள் நிற்கிறார்கள், பேசுகிற சத்தம் கேட்கிறது. முனையால் திரும்பினாள்…

முன்னே திரும்பவும் அவர்கள் வீடு.

றோஸ்மலர் இன்னும் வாசலில்தான். மகள் உள்ளே வர, சற்று நகர்ந்து இடம் விட்டார்.