மூன்றாவது வரிசை

மாமனார்: கழட்டுங்க மாப்ள.

மருமகன்: மறுபடியுமா?

மாமனார்: மறுபடியும்தான். மூணாவது வரிசை மொத்தமும் கழட்டுங்க. பாருங்க, பாம்பு போன தடம் மாதிரி போயிருக்கு.

மருமகன்: மாமா, இப்பத்தான் க்ளிக்குனு உட்கார்ந்துச்சு...

மாமனார்: உட்கார்ந்தா போதுமா? ஒழுங்கா உட்கார வேணாமா?

மருமகன்: ஏற்கெனவே ரெண்டு தடவ கழட்டி மாட்டியாச்சு. இதுக்குத்தான் நேத்தே சொன்னேன், தரை போடுற ஆளுங்கள வரச் சொல்லிடலாம்னு.

மாமனார்: ஆளா? ஒரு ரூமுக்கு ஆளா?

மருமகன்: ரூமும் ஹாலும்.

மாமனார்: சரி, ஹாலும். வினைல் பலகைன்னா என்ன மாப்ள? ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுறது. பசை வேணாம், ஆணி வேணாம், சிமெண்ட் வேணாம். இதுக்கு ஆள் வெச்சோம்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க.

மருமகன்: யார் சிரிப்பாங்க?

மாமனார்: நானே சிரிப்பேன்.

மருமகன்: என் முதுகு அழுவுது மாமா. காலையிலேர்ந்து முட்டி போட்டு, முட்டி போட்டு...

மாமனார்: கம்ப்யூட்டர் முன்னாடி வளஞ்ச முதுகு அது. அதுக்குத் தரை என்ன பண்ணும், நான் என்ன பண்ணுவேன்?

மருமகன்: கடைக்காரர் சொன்னாரே, அவங்க ஆளுங்க வந்தா ஒரே நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு.

மாமனார்: போயிடுவான். ஓரத்துல இடைவெளி விடாம சுவரோட முட்டிப் போட்டுட்டுப் போயிடுவான். வெயில் வந்தா பலகை விரியும். விரிஞ்சா நடுவுல கூடாரம் மாதிரி எழும்பி நிக்கும். அப்பப் போன் பண்ணுங்க, எடுக்கறானா பார்ப்போம்.

மருமகன்: இதெல்லாம் எங்க படிச்சீங்க?

மாமனார்: டப்பா மேலயே போட்டிருக்கானே. நேத்து நீங்கதான படிச்சுக் காமிச்சீங்க?

மருமகன்: ...ஆமா. நான்தான் படிச்சேன்.

மாமனார்: எழுத்தா அது? எறும்பு. மனுஷன் படிக்கிற மாதிரியா அடிக்கிறான்?

மருமகன்: சரி, நீங்க கொஞ்சம் அந்தப் பலகை வெட்டுற கத்தியக் கீழ வைங்க.

மாமனார்: ஏன், கத்தி உங்கள என்ன பண்ணுச்சு?

மருமகன்: ஒண்ணும் பண்ணல. பண்றதுக்கு முன்னாடி வைங்க.

மாமனார்: துணி ஃபாக்டரியில கட்டிங் மாஸ்டரா இருந்த கை மாப்ள இது. ஸ்கேல் வைக்காம சாக்கட்டியால கோடு போடுவேன். சூப்பர்வைசர் ஸ்கேல் வெச்சுப் பார்ப்பாரு. சரியா வரலேன்னா என்ன பண்ணுவார் தெரியுமா?

மருமகன்: தெரியும். ஸ்கேல மாத்துவார்.

மாமனார்: சொல்லிட்டேனா முன்னாடியே?

மருமகன்: பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே சொன்னீங்க.

மாமனார்: அப்ப கேளுங்க. கை தப்பு பண்ணல. பலகைதான் கோணல். ஃபாக்டரியிலேயே வளஞ்சு வந்திருக்கு. இந்தக் கோட்டப் பாருங்க, நடுவுல எப்படி உள்ள வாங்குது... வாங்குதா இல்லையா?

மருமகன்: ஆமா மாமா. லேசா... வளஞ்சுதான் இருக்கு.

மாமனார்: லேசாவா? வில்லு மாதிரி இருக்கு!

மருமகன்: அதுக்குத்தான் சொல்றேன். ஆளுங்க வந்தா அவங்களே பலகைய மாத்திக் கொடுத்து, அவங்களே போட்டுடுவாங்க. கோணலா வந்தா அவங்க பாடு. நமக்கு எதுக்குத் தலைவலி?

மாமனார்: நீங்க எதச் சொன்னாலும் கடைசியில ஆளுங்கள்ல வந்து நிக்கிறீங்க. என் மேல என்ன அவ்ளோ நம்பிக்கை இல்லாம?

மருமகன்: ஐயோ மாமா, அப்படியெல்லாம்...

மகள்: டீ. ரெண்டு பேரும் முதல்ல கையத் துடைங்க. ஆமா, என்ன இது? காலையிலேர்ந்து ஆரம்பிச்சு மூணே வரிசையா? இந்த வேகத்துல போனா பாப்பா காலேஜ் போறப்பதான் நாம ஹால்ல நடக்க முடியும்.

மருமகன்: உங்கப்பா தரம் பார்க்கிறார்.

மகள்: தரமா, தரையா? அது இருக்கட்டும். அப்பா, ஸ்கூல் விடுற நேரம் நெருங்குது. பாப்பாவக் கூட்டிட்டு வரக் கிளம்பணும்ல?

மருமகன்: இன்னிக்கு நான் போறேன்.

மாமனார்: நீங்க ஏன்?

மருமகன்: சும்மா... கொஞ்சம் வெளிக்காத்து வாங்கின மாதிரி இருக்கும்.

மாமனார்: போன வாரமும் ரெண்டு தடவ வெளிக்காத்து வாங்கினீங்க. எனக்கும் அவளுக்கும்னு ஒரு நாள்ல இருக்கிறதே அந்தப் பத்து நிமிஷம்தான் மாப்ள. பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு, டீச்சர் என்ன சொன்னாங்க, எவ எவளோட பேசலைன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டு வருவா. வீட்டுக்குள்ள வந்தா அவ அம்மாகிட்ட ஓடிடுவா. அதையும் பிடுங்கிக்கணுமா?

மருமகன்: பிடுங்கிக்கல மாமா...

மகள்: ஏங்க, அப்பாவே போகட்டும். நீங்க வண்டி ஓட்டுற லட்சணம் நம்ம கேட் தூணுக்குத் தெரியும். புது வண்டி! கதவு நீளத்துக்குக் கோடு இழுத்து வெச்சிருக்கீங்க. கேட்டா பூனை குறுக்க வந்துச்சாம்.

மருமகன்: வந்துச்சு.

மகள்: என்ன நிறம்?

மருமகன்: பூனை நிறம்.

மகள்: கேட்டீங்களாப்பா? நம்ம தெருவுல நாய்க்குப் பயந்து எலியே வர்றதில்ல. இவருக்கு மட்டும் பூனை வருது.

மாமனார்: விடும்மா... அதையே எத்தன நாளைக்குப் பேசுவ.

மகள்: உங்களுக்கு மாப்பிள்ளைன்னா உருகிடுவீங்களே! சரி, இந்த வரிசைய ஏன் கழட்டணும்ங்கிறீங்க?

மாமனார்: வளஞ்சிருக்கு.

மகள்: எது?

மாமனார்: இந்தக் கோடு. இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும்.

மகள்: நேராத்தானப்பா இருக்கு! கோடு போட்ட நோட்டு மாதிரி எவ்ளோ அழகா இருக்கு. ஏங்க, நீங்க சொல்லுங்க, நேராத்தான இருக்கு?

மருமகன்: ...நீ போய் அடுப்பப் பாரு.

மகள்: அடுப்ப அணைச்சிட்டுத்தான் வந்தேன். என்ன கேட்டேன், என்ன சொல்றீங்க? பலகையோட சேர்ந்து ரெண்டு பேருக்கும் என்னமோ ஆயிடுச்சு. டீ ஆறுது, குடிங்க. நான் போய்த் துணி காயப்போடுறேன்.

மாமனார்: மாப்ள.

மருமகன்: டீ எடுத்துக்கோங்க மாமா.

மாமனார்: நேரா இருக்கா, வளஞ்சிருக்கா?

மருமகன்: அவ நின்னுக்கிட்டே பார்த்தா. மேலேர்ந்து பார்த்தா அப்படித்தான்...

மாமனார்: நான் அவளக் கேக்கல. அந்தப் பையில நூல்கண்டு இருக்கும், எடுங்க. அந்த மூலையில நீங்க பிடிங்க. கோட்டு மேலயே பிடிங்க. இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். இழுங்க... இன்னும் இழுங்க. விறைப்பா இருக்கா?

மருமகன்: இருக்கு.

மாமனார்: இழுத்துப் பிடிச்ச நூல் வளையுமா மாப்ள?

மருமகன்: வளையாது.

மாமனார்: எனக்கு வளையுது.

மருமகன்: மாமா...

மாமனார்: இருங்க, விட்டுடாதீங்க. இந்தக் கண்ண மூடிக்கிறேன்... இப்ப நேரா இருக்கு. இப்ப இத மூடிட்டு அதத் திறக்கறேன்... வளையுது. நடுவுல அழுக்குத் தண்ணி மாதிரி ஏதோ நிக்குது. உங்களப் பார்த்தா காது தெரியுது, மூக்கக் காணோம்.

மருமகன்: விளையாடாதீங்க மாமா.

மாமனார்: விளையாடல. நூல விடுங்க, போதும்.

மருமகன்: முதல்ல எழுந்து நாற்காலியில உட்காருங்க.

மாமனார்: தரையே பரவாயில்ல. உங்களுக்கு எப்பத் தெரியும்?

மருமகன்: கண்ணுன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஏதோ சரியில்லன்னு கொஞ்ச நாளாத் தோணுச்சு.

மாமனார்: பாப்பா ஏதாவது சொன்னாளா?

மருமகன்: 'தாத்தா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொன்னார்'னு மட்டும் சொன்னா.

மாமனார்: ரகசியம் காக்குறதுல அப்படியே அவ அம்மா.

மருமகன்: ஹூம்.

மாமனார்: அதுக்குத்தான் 'ஆளுங்க, ஆளுங்க'ன்னு உயிர வாங்கினீங்களா?

மருமகன்: அந்தக் கத்தி உங்க கையில இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு உயிர் போயிட்டு வந்துச்சு. வேற எப்படி நிறுத்துறதுன்னு தெரியல.

மாமனார்: கேட்டிருக்கலாமே.

மருமகன்: எப்படி மாமா கேக்கிறது? கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

மாமனார்: ஸ்கேல மாத்தச் சொல்லியிருப்பேன்.

மருமகன்: ...அதான்.

மாமனார்: கொஞ்ச நாளாவே அப்பப்போ ஒரு மாதிரி இருந்துச்சு. கண்ணாடி அழுக்குன்னு நினைச்சேன். பல்பு மங்கல்னு நினைச்சேன். இன்னிக்குப் பலகை கோணல்னு நினைச்சேன். எல்லாத்துக்கும் ஒரு ஆள் கிடச்சுது, பழி போட... பயமா இருக்கு மாப்ள.

மருமகன்: நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம். லீவு சொல்லிடறேன். ஒரு கண்ணு நல்லாத்தான தெரியுது?

மாமனார்: தெரியுது. ஆளுங்களுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க. ஓரத்துல இடைவெளி விடலேன்னா உள்ளயே விட மாட்டேன்னும் சொல்லிடுங்க.

மருமகன்: சொல்றேன்.

மாமனார்: இந்தாங்க.

மருமகன்: என்ன?

மாமனார்: கையில இருக்கிறது தெரியலையா? எனக்குத்தான் கண்ணு போச்சுன்னா உங்களுக்குமா? கார் சாவி.

மருமகன்: நீங்களும் வாங்க மாமா. முன்னாடி உட்காருங்க. பாப்பா கதைய நீங்களே கேளுங்க.

மாமனார்: ஏன் தாத்தா ஓட்டலன்னு முதல் கேள்வியே அதத்தான் கேப்பா. இன்னிக்கு நீங்க மட்டும் போங்க. நாளையிலேர்ந்து வர்றேன்.

மகள்: அப்பா! நேரமாச்சு, இன்னும் கிளம்பலையா? சாவி ஆணியில காணோமே, நீங்க எடுத்தீங்களா?

மாமனார்: எடுத்து மாப்ள கையில கொடுத்துட்டேன்மா. இனிமே அவர்தான் போவார். அவர் நல்லாத்தான் ஓட்டுறாரு, சும்மா குத்திக் காட்டாத. பூனையும் வரல, ஒண்ணும் வரல. தூண்ல இடிச்சது நான்தான், பழிய அவர் ஏத்துக்கிட்டார். பாப்பா பின்னாடி உட்கார்ந்திருந்தா... அவ்ளோ பெரிய தூண், எனக்குத் தெரியவே இல்லம்மா.