கடைச் செலவில் ஒரு மின்விசிறி

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கார் செலவில் வருகிற காற்றுக்கு ஒரு தனிக் குளிர்ச்சி உண்டு. என்னுடையதும் ஏறக்குறைய அந்த ரகம்தான். அதைப் பற்றித்தானே கேட்டீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் மாசானம். கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் வந்து நிற்கும் யார்டுக்குப் பின்னால் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். முன்னால் ஒரு அறை, நடுவில் சமையல்கட்டு, பின்னால் கிட்டங்கி. அங்கே வத்தல் மூட்டை கூரை வரை அடுக்கியிருக்கும். தெற்கேயிருந்து வந்து கடை போட்ட எங்கள் ஆட்களுக்குக் கடை வேறு, வீடு வேறு கிடையாது. 'வீட்டுக்கு வாங்கினால் செலவு, கடைக்கு வாங்கினால் முதல்' என்பார் என் அப்பா. அவர் இறந்தபோது போர்த்திய கோடித் துணிகூடக் கடைக் கணக்கில்தான் வந்தது. பெருமைப்பட்டிருப்பார்.

உலகச் சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்து, வியாபாரம் தழைத்தபோது வருமான வரியும் கூடவே வந்தது. ஆபீசுக்கு வாங்கிய சாமானை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வீட்டுக்கு வாங்கியதைக் கழிக்க முடியாது என்று ஆடிட்டர் விளக்கினார். அட, எங்கப்பா சொன்னதைச் சொல்லவா இத்தனை படிப்பு என்று சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து முன்னறை ஆபீஸ். கட்டில், வெளியூர் வியாபாரி வந்தால் தங்குவதற்கு. இரும்பு அலமாரி, மாதிரி வத்தல் வைப்பதற்கு. உள்ளே இருந்ததெல்லாம் என் மனைவியின் சேலை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே கடை நடத்துகிறவர்கள் எங்களில் ஏராளம். நானும் அப்படித்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் மொத்தக் கட்டடமும் வியாபாரம் என்று ஆகிவிட்டது.

என் மனைவி ஆவுடையம்மாள் சிரிக்கத் தெரிந்தவள். அப்படியானால் நானும் கடைச் சரக்குதானா என்று கேட்டாள். சரக்கென்றால் ஒருநாள் விற்க வேண்டும், உன்னை யார் வாங்குவான் என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நல்ல குடித்தனம், ஐயா. தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரே குறை, இழுப்பு. வத்தல் நெடி பட்டால் மூச்சு வாங்கும், உதடு கறுத்துப்போகும். கிட்டங்கிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் விட்டதில்லை. காற்றாவது நல்லதாக வரட்டும் என்று ராயபுரத்துக் கடையில் இருந்ததிலேயே உசத்தியான மேசை மின்விசிறியை வாங்கி வந்தேன். அதற்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பாள். பார்க்கவே மனசு நிறையும். ஆபீஸ் மின்விசிறி என்று காட்டி அதையும் கழித்துக்கொண்டேன்.

போன வாரம், வரி அதிகாரி நேரில் வந்து ஆபீசைப் பார்ப்பதாகத் தகவல் வந்தது. குடும்பம் இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தால் அபராதம் போடுவார்கள். அதோடு விடமாட்டார்கள், பழைய வருஷங்களையும் கிளறுவார்கள், கடை படுத்துவிடும். சேலைகளைக் கோணியில் கட்டி, அலமாரியில் மாதிரி வத்தலை அடுக்கியாயிற்று. அவளை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டுக்காரரும் வத்தல் வியாபாரி, போட்டுக் கொடுக்கக் காத்திருக்கிறவர். ஒரு மணி நேரம் கிட்டங்கியில் இரு என்றேன்.

"எனக்கு நெடி ஆகாதுன்னு தெரிஞ்சும் சொல்லுதீங்களா?" என்றாள்.

சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி மூக்கில் கட்டிக்கொள்ள ஈரத்துண்டு கொடுத்தேன். என் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திப் புதுப் பூட்டைப் போட்டேன். விருந்தாளி குரல் கேட்டால் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்கிற பழக்கம் அவளுக்கு. நல்ல வளர்ப்பு.

அதிகாரி தங்கமான மனுஷர். கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் இருமல் கேட்டது. யார் அது என்றார். வத்தல் கிட்டங்கியில் இருமாதவன் யார் சார் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அவரே ஒரு தும்மல் போட்டார். சேர்ந்து சிரித்தோம்.

அப்போது மூட்டை தூக்கும் லோகநாதன் பின்பக்கமிருந்து வந்து என் காதருகே குனிந்தான். "நைனா, அம்மா உள்ள கதவ தட்டிகினு கீது. சாவி குடு."

சோடா வாங்கி வா என்றேன். போகாமல் நின்றான். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன், போனான். உங்களிடம் வந்து சொன்னது அவன்தானே? அவன்மேல் வருத்தமில்லை. நல்ல உழைப்பாளி.

சோடாவைக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதிகாரி எழுந்துவிட்டார். தட்டுகிற சத்தம் அப்போதும் இருந்தது, மெல்லியதாக. நான்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். அலமாரியைப் பற்றி அவர் கேட்கவே இல்லையே. அதற்காக இன்னொரு நாள் வந்தால் அவளுக்குத்தானே மறுபடி சிரமம்? ஒரே நடையில் முடியட்டும் என்று மாதிரி வத்தலை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எந்த ஊர் வத்தலுக்கு என்ன காரம் என்று விளக்கினேன். ரசித்துக் கேட்டார். நடுவில் சத்தம் நின்றது. நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்னபடி கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போனபிறகு திறந்தேன். கதவோரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். துண்டு காய்ந்துபோயிருந்தது. மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒயர் கிட்டங்கி வரை எட்டவில்லை. அழுதேன், ஐயா. இப்போதும் அவள் சிரிப்புதான் காதில் கேட்கிறது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதி வாசித்துக் காட்டியதில் ஒரு பிழை இருக்கிறது. 'வீட்டுப் பூட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். அது கிட்டங்கிக்கென்றே வாங்கியது. நான் காட்டிய கடைச் செலவுகளில் பொய்யில்லாதது அது ஒன்றுதான்.