ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

நமச்சிவாயம் சார், ஒரு கம்ப்யூட்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பது பெரிய குற்றமில்லை. வேறு வேறு டைரக்டரியில் இருந்தால் மிஷின் ஒன்றும் சொல்லாது. எங்கள் தெருவில் மூன்று கோமதிசங்கர் இருக்கிறோம். தபால்காரர் முதலில் எதிர்ப்படுகிற கோமதிசங்கர் வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மிஷினும் அப்படித்தான் செய்கிறது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்குள் எங்கள் சென்டரின் பழைய புரோகிராம்களில் தேதியைச் சரிசெய்து கொடுக்க வந்திருக்கிறீர்கள். மூலையில் உறை போட்டு வைத்திருந்த மூன்றாம் நம்பர் மிஷினை எடுத்து மூன்று நாளாக மல்லுக்கட்டினீர்கள். கம்பைல் ஆனது, ஆனால் நீங்கள் செய்த தேதித் திருத்தம் எதுவும் ஏறவில்லை. நேற்று காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். "லைப்ரரி ரெண்டு வெர்ஷன் கெடக்கு வே. புதுசு இருக்கையில பழச முதல்ல தேடச் சொல்லி எவம் வே எழுதி வச்சான்?" என்று கேட்டீர்கள். தெரியவில்லை என்று சொன்னேன். தெரியும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதித் தருகிறேன்.

பழைய லைப்ரரி நான் எழுதியது. எங்கள் சென்டரில் எழுதும் எல்லாப் புரோகிராமுக்கும் வேண்டிய பொது வேலைகளை, தேதியைப் படிப்பது, தட்டும் எண்ணை வாங்குவது போன்றவற்றை, ஒரே கோப்பில் கட்டி வைத்திருந்தேன். ஏழு வருடம் பாளையங்கோட்டையில் பாதிக் கடைகள் அதை வைத்துத்தான் ஓடின. அதற்கு வெர்ஷன் நம்பர் எதுவும் கிடையாது. அது லைப்ரரி, அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழில் டார்லின் வேலைக்குச் சேர்ந்தாள். பாக்கியசீலன் வாத்தியாரின் மகள். இருபத்து மூன்று வயது. அதிகம் பேசமாட்டாள், ஆனால் எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாள். அந்தச் சமயம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். குழந்தையின் எடையைத் தட்டினால் ஊசி மருந்தின் அளவைக் கணக்கிட்டு அச்சடித்துக் கொடுக்கும். அதைச் சோதிக்கும்போது என் லைப்ரரியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம் இருந்தால் கணக்கு சரியாக வரும். இரண்டு இலக்கம் வந்தால் தவறிவிடும். 4.75 என்று தட்டினால் நான்கோடு ஏழரையைக் கூட்டிப் பதினொன்றரை என்று எடுத்துக்கொள்ளும். கடைகளில் ரூபாயையும் பைசாவையும் தனித்தனியாகத் தட்டுவதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

அவள் இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தாள். நான் அப்போது ஒரு வகுப்பில் இருந்தேன், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அவள் முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சியிடம் போனாள். அண்ணாச்சி வகுப்பிலிருந்த இருபது பிள்ளைகளின் முன்னால் வந்து நின்று சிரித்தார். "ஏலே சங்கரு, ஏழு வருசமா நீ கோணலா வச்சிருந்தத இந்தப் பிள்ள ஏழு நாள்ல நேராக்கிட்டு பாத்தியா" என்றார். கேலிதான். அவர் எல்லோரையும் அப்படித்தான் கேலி செய்வார். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

திருத்திய லைப்ரரியை அவள் புதிய டைரக்டரியில் போட்டு 'வெர்ஷன் 2' என்று பெயர் வைத்தாள். அன்றுதான் என்னுடையது வெர்ஷன் ஒன்று ஆனது.

எனக்கு அதில் வருத்தம் என்று யாருக்கும் தெரியாது. நானே அவளைப் பாராட்டினேன். அந்த வருடம் சரஸ்வதி பூஜை அக்டோபர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. எங்கள் சென்டரில் எப்போதும் பூஜைப் பொறுப்பு என்னுடையது. எல்லா மானிட்டருக்கும் விபூதிப் பட்டை போட்டு, சுவிட்சில் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, விசைப்பலகையின் மேல் பூச் சரத்தை வைப்பேன். பூஜை போட்ட மிஷினை அன்று யாரும் தொடமாட்டோம். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து முதல் வேலையைத் தொடங்குவோம். அந்த வருடம் முதல் வேலை ஆஸ்பத்திரிப் புரோகிராம் என்று முடிவாகியிருந்தது. அதைப் புதிதாகக் கம்பைல் செய்து, பிளாப்பியில் ஏற்றி, கற்பூரம் காட்டி, ஆஸ்பத்திரிக்காரர்கள் கையில் கொடுப்பது என்று ஏற்பாடு.

பத்தாம் தேதி மத்தியானம் எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு நான் திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரிப் புரோகிராம் இருந்த மூன்றாம் நம்பர் மிஷினின் சுவிட்சை அழுத்தினேன். மிஷின் எழுந்ததும் முதலில் படிக்கிற கோப்பில், லைப்ரரியை எங்கே தேடுவது என்ற வரி இருக்கிறதல்லவா, நீங்கள் நேற்று விரலை வைத்துக் காட்டிய வரி, அதில் என் டைரக்டரியின் பெயரை முன்னால் போட்டேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. மிஷினை நிறுத்தினேன். சுவிட்சில் இருந்த சந்தனம் என் விரலில் ஒட்டியிருந்தது. கிண்ணத்தில் மீதம் இருந்ததைத் தொட்டு மறுபடியும் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

கெடுதல் செய்ய நினைக்கவில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இரண்டொரு நாளில் தவறைக் கண்டுபிடித்து இங்கே ஓடிவருவார்கள், அவள் திணறுவாள், நான் போய்ச் சரிசெய்வேன், இருபது பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் திட்டம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

மறுநாள் காலை டார்லின் கம்பைல் செய்தாள். பிழை எதுவும் வரவில்லை. இரண்டு வெர்ஷனிலும் பெயர்கள் ஒன்றுதான் என்பதால் மிஷின் மறுபேச்சுப் பேசாமல் பழையதை எடுத்துக்கொண்டது. அவள் என்னைப் பார்த்து, "சார், ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்துருவோமா?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமதான ஓட்டிப் பாத்த. அதுக்கப்புறம் யாரு மிசினத் தொட்டா? நல்ல நேரம் முடியப் போகுது, பிளாப்பியில ஏத்து பிள்ள" என்றேன். கற்பூரத்தை நான்தான் கொளுத்தினேன்.

டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து மூத்த நர்ஸ் சாரம்மாள் வந்தார்கள். கையில் ஒரு அச்சடித்த தாள். "புள்ளைக்கு எட மூணே அறுவது. கிலோவுக்கு ரெண்டரன்னு நான் கையால போட்டுப் பாத்தேன், ஒம்பதுதான் வருது. ஒங்க பேப்பர் இருவத்திரெண்டரைங்குது. நல்ல காலம், குத்தல" என்றார்கள். டார்லின் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளே உட்கார்ந்து தேடினாள். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. கால்மணி நேரத்தில், நீங்கள் மூன்று நாளில் கண்டதைக் கண்டுவிட்டாள். அவளுக்கு அந்த மிஷின் பழக்கம். தவறாக நினைக்காதீர்கள்.

"இந்த வரிய யாரோ மாத்திருக்காங்க அண்ணாச்சி. கோப்புல தேதி இருக்கு பாருங்க, அக்டோபர் பத்து" என்று திரையைக் காட்டினாள். கோளாறைக் கண்டுபிடித்த ஆறுதலில் சொன்னாள். அந்தத் தேதி என்ன நாள் என்பது அவள் நினைவிலேயே இல்லை.

அண்ணாச்சிக்கு நினைவிருந்தது. "பத்தாந் தேதி பூச. பூச போட்ட மிசின நம்மாளுவ எவனாவது தொடுவானா? சங்கரு சந்தனம் வச்ச கையால சுவிச்சப் போடுவானா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாவி ரெண்டுதான் பிள்ள. ஒண்ணு அவங்கிட்ட, ஒண்ணு ஒங்கிட்ட" என்றார்.

"நான் வரல அண்ணாச்சி. அன்னைக்கு வீட்டுலதான் இருந்தேன்" என்றாள்.

சென்டரில் பூஜையைக் கும்பிடாதவள் அவள் ஒருத்திதான். எல்லோர் கண்ணும் அவள் மேல் போனது. இப்படி நடக்கும் என்று நான் பத்தாம் தேதி நினைத்ததில்லை, அது உண்மை. ஆனால் நடந்தபோது அதில் ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "விடுங்க அண்ணாச்சி, சின்னப் பிள்ள. எதையோ சோதிச்சுப் பாக்க வந்து மாத்திட்டு மறந்திருக்கும்" என்றேன். அண்ணாச்சி என் பெருந்தன்மையை இன்றும் சொல்கிறார்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும். அந்த வரியைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனாள். "தொடாத பிள்ள, எந்திரி" என்றார் அண்ணாச்சி. எழுந்துவிட்டாள். அப்படியே போட்டு மூடிய மிஷின்தான் நீங்கள் திறந்தது.

ஆஸ்பத்திரியில் பதிவேட்டைப் புரட்டினார்கள். கைக்குழந்தைகளின் அறையில் மட்டும்தான் இரண்டு இலக்கம் காட்டும் புதுத் தராசு இருந்தது. அங்கே அந்த ஊசியை ஏழு நாளும் முழுசாகப் போட்டுக்கொண்ட குழந்தை ஒன்றே ஒன்று. மேலப்பாளையம் சுபைதா பேகத்தின் மகன், தாஜ் முகம்மது. நவம்பரில் நெஞ்சுச் சளிக்காகச் சேர்த்தபோது இரண்டு மாதம். எடை 4.75. பன்னிரண்டு மில்லிகிராம் போட வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது போட்டிருந்தார்கள். சளி குணமாகிவிட்டது. அந்த மருந்து அளவு மீறினால் காதைக் கெடுக்கும் என்று சாரம்மாள் பிறகு சொன்னார்கள். ஆளனுப்பிக் கூப்பிட்டபோது, பானை மூடி கீழே விழுந்தாலும் பிள்ளை திரும்புவதில்லை என்று சுபைதா பேகம் தானாகவே சொன்னாராம்.

டார்லின் வேலையை விட்டுவிட்டாள். போகும்போது, வரியை மாற்றியது தான் இல்லை என்று மறுபடியும் சொன்னாள். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் கொடுத்தது தன் தப்புதான் என்றாள். யார் கொடுக்கச் சொன்னது என்பதைச் சொல்லவில்லை. இப்போது காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பயிற்சி எடுத்து, அதே வேலையில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் மேலப்பாளையத்துக்குப் போய் தாஜுக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்வி. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பையன் தெருவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் ஸ்கூட்டர் ஹாரனை அடித்தேன். மறுபடியும் அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து டார்லின் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்துவிட்டு அவனோடு உள்ளே போனாள். அன்றிலிருந்து கண்ணாடியில் என் நெற்றி விபூதியைப் பார்க்கவே கூசுகிறது.

இதுவரை எழுதியதைப் படித்தால், பொறாமையில் செய்த சிறு வேலை கைமீறிப் போய்விட்டது என்று நினைப்பீர்கள். நானும் இரண்டு வருடமாக அப்படித்தான் எனக்குச் சொல்லி வருகிறேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

நவம்பரில் நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பிரிண்டருக்கு ரிப்பன் மாற்ற. சுபைதா பேகத்தின் பிள்ளை சேர்ந்து இரண்டாம் நாள். ரிப்பன் மாற்றிய பின் முதலில் வந்த தாள் அந்தப் பிள்ளையுடையது. எழுத்து தெளிவாக விழுகிறதா என்று நான்தான் கையில் வாங்கிப் பார்த்தேன். எடை 4.75, அளவு 29. தாளைப் பார்த்ததும் புரிந்தது. என் கணக்கு எனக்குத் தெரியாதா? பக்கத்து பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் சாரா? மிசினு போட்டா தப்பு வராதுல்லா சார்?" என்று கேட்டார்.

"வராதும்மா" என்றேன். தாளை நர்ஸிடம் கொடுத்தேன்.

சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வரியைத் தேடுவார்கள், தேதி வெளியே வரும். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அப்படி ஐந்து நாள் நினைத்தேன். ஆறாம் நாள் ஊசி முடிந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும்விட என்னைக் கூச வைக்கிறது.

ஆகவே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: வரியை எழுதியது நான். டார்லினின் பெயரைக் கெடுத்தது நான். அந்தப் பிள்ளையின் காது போவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்ததும் நான். இந்தத் தாளை அண்ணாச்சியிடமோ ஆஸ்பத்திரியிலோ போலீஸிலோ, எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள். வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

வரியையும் சரிசெய்துவிடுங்கள், அவளுடைய வெர்ஷனே முன்னால் இருக்கட்டும். என்னுடையதை மட்டும் அழித்துவிட வேண்டாம் சார். ஒரு இலக்கத்துக்கு அது இன்றைக்கும் சரியாகத்தான் கணக்குப் போடுகிறது.