பட்டமும் பட்டப்பெயரும்

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மேலூரிலிருந்தும் திருவாதவூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்லத்தாய் அம்மாள் அவர்களே! வணக்கம்.

நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விரிவுரையாளர் ஜெயக்கொடி அம்மையாரை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. அவரோடு வேலை பார்த்த தமிழாசிரியன் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். நாலு வார்த்தை நல்லதாகப் பேசுங்கள் என்று சொல்லித்தான் மேடையேற்றினார்கள். பேசுகிறேன். ஆனால் எனக்குப் பின்னால் தொங்கும் துணியை முதலில் பாருங்கள். ‘டாக்டர் ஜெயக்கொடி’ என்று எழுதியிருக்கிறது! யார் கொடுத்த பட்டம் ஐயா இது? உயிரோடு இருந்தபோது நாம் தர மறுத்ததைத் துணியில் எழுதிய பெயிண்டர் தந்துவிட்டாரா?

டாக்டர் பட்டத்துக்கு அப்படி என்ன ஆராய்ந்தார் அவர்? பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் கூடி வதைப்பதை ஆராய்ந்தார். தொடக்கத்தில் அவரும் சறுக்கினார். ‘சக மாணவர் உம்மைத் துன்புறுத்துகின்றனரா?’ என்று அச்சடித்து மேலூர் வட்டாரப் பள்ளிகளில் கொடுத்தார். அத்தனை பிள்ளைகளும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். துன்புறுத்துவது பாடப்புத்தகத்தில் அரக்கர்கள் செய்கிற வேலை. தங்களுக்கு நடப்பதற்கு அதுதான் பேர் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

அம்மையார் தாளைத் தூக்கிப் போட்டார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். “ஒனக்கு என்ன பட்டப்பேரு?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. சில முகங்கள் மட்டும் தொங்கிப் போயின. அந்த முகங்களைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

சங்கிலி என்றொரு பையன். கூலிவேலைக் குடும்பம். சத்துணவுக்கு வீட்டிலிருந்து அலுமினியத் தட்டு கொண்டுவருவான்.

“என்னையத் தட்டுன்னுதேன் கூப்பிடுவாக டீச்சர். சாரும் அப்படித்தேன் கூப்பிடுவாரு.”

“கோவம் வரலையாய்யா?”

“வரும். அதேன் இப்பத் தட்டே கொண்டாரதில்ல.”

விளங்குகிறதா? அந்தப் பெயருக்குப் பயந்து பிள்ளை பட்டினி கிடந்தான்! இதைச் சொல்லும்போது அம்மையார் அழுதார். எழுதும்போது அழவில்லை. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, ஆசிரியர் அப்போது என்ன செய்தார் என்று சான்றோடு எழுதினார்.

அதற்கு ஆய்வுக் குழு என்ன சொன்னது? ‘இது சிறுவர் விளையாட்டு. இதில் ஆராய ஒன்றுமில்லை’ என்று ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியது. அந்தக் குழுவில் இருந்தவர்களும் இன்று கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாருங்கள் ஐயா, வாருங்கள்!

பட்டம் தராத நாம் பட்டப்பெயர் வைக்க மறக்கவில்லை. அழுமூஞ்சி! நம் ஆசிரியர் அறையில் அவருக்கு அதுதான் பெயர். “அழுமூஞ்சி வாராக, கர்ச்சீப்ப எடுத்து வைங்கப்பா” என்பார்கள் படித்த பெரியவர்கள். தாயே, உங்கள் காதில் இது விழ வேண்டியிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு எரிகிறது. ஆனால் இங்கே பொய்ப் புகழ் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் நான் சண்டைக்குப் போகக் கிளம்பினேன். கையைப் பிடித்து நிறுத்தினார். “விடுங்க சார், வெளையாட்டுக்குத்தான சொல்றாக” என்றார். யார் சொன்னது? ஜெயக்கொடி அம்மையார் சொன்னார்! விளையாட்டு என்கிற அந்த ஒரு சொல்லை எதிர்த்தே ஓர் ஆய்வேடு எழுதியவர் சொன்னார்! அவரையே அப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே, நாமெல்லாம் ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களாம்!

நான் இங்கே ஓர் உறுதி சொல்கிறேன். நிர்வாகம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், திங்கட்கிழமை முதல் என் பயிற்சி வகுப்பில் அம்மையாரின் ஆய்வுதான் பாடம். பாடத்திட்டத்தில் இல்லை என்பவர்கள் என் மேல் நடவடிக்கை எடுக்கட்டும். கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன்.

அடிக்கிற பிள்ளைக்குத் தெம்பு தருவதே வாய் மூடி வேடிக்கை பார்க்கும் வகுப்புதான் என்று அவர் எழுதியிருக்கிறார். ஆகவே தலைவர் அவர்களே, அடுத்து மௌன அஞ்சலி என்று அறிவித்துவிடாதீர்கள். அது வேண்டிய மட்டும் கொடுத்தாயிற்று. எல்லோரும் எழுந்து நின்று, வாய் திறந்து, ஜெயக்கொடி என்று அவர் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுவோம்.

மேடையில் இருக்கும் பலருக்கு அது முதல் தடவையாக இருக்கும்.