அடுப்புக்கா, காருக்கா

— மறுபடி முதல்லேருந்து வாங்க மாப்பிள்ளை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். வெறும் விடைக்கு மார்க் கிடையாது. ஸ்டெப் வேணும்.

— டாக்ஸி ஓட்டுறவனுக்கு ஏது அத்தை ஸ்டெப்பு? மீட்டர் காட்டுறதுதான் கணக்கு. காஸ் அடுப்புக்குச் செலவு ஜாஸ்தி, கரண்ட் அடுப்புக்குக் கம்மி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

— எங்க கம்மி? நம்ம சமையலுக்கு ஒரு நாளைக்கு காஸ்ல அறுபது ரூபாய் ஆகுது. அதையே கரண்ட்ல சமைச்சா எண்பது.

— காஸ்ல பாதிச் சூடு பாத்திரத்துக்கு வெளியில ஓடிடுதே, அதைச் சேர்த்தீங்களா?

— ஓடினதையும் சேர்த்துத்தான் அறுபது. பில்லை நான் எழுதலை.

— சரி, அதை விடுங்க.

— விட மாட்டேன். இப்ப காருக்கு வாங்க. உங்க டாக்ஸி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்க்கு காஸ் குடிக்குது?

— பன்னிரண்டு ஆகும்.

— கரண்ட் கார்?

— அது வந்து... ஒரு பத்து, பதினொண்ணு...

— நாலு! போன மாசம் சாப்பிட உக்காரும்போதெல்லாம் நாலு, நாலுன்னு சொன்னது யாரு? ரெண்டு வருஷமா உங்க வாயில வேற பேச்சே இல்லை. சார்ஜர் மாட்ட வாசல் சுவத்துல பென்சில் கோடு கூடப் போட்டாச்சு.

— பாட்டரி சீக்கிரம் போயிடுமாம் அத்தை. ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க.

— எட்டு வருஷம் கேரண்டின்னு எனக்குப் பாடம் எடுத்தது ஸ்டாண்டா, நீங்களா? இதோ பாருங்க, இந்த வீட்டுக்கு ஒரே ஒரு பெரிய லைன்தான் தருவோம்னு கரண்ட் ஆபீஸ்ல கையை விரிச்சுட்டாங்க. அடுப்பு மாட்டினா கார் கிடையாது. காரை மாத்தினா நீங்க தினம் ரெண்டு சவாரி குறைச்சுக்கலாம், பொழுதோட வீட்டுக்கு வரலாம், என் பொண்ணோட உக்காந்து நிம்மதியா சாப்பிடலாம். அதை விட்டுட்டு என் அடுப்பை எதுக்கு நோண்டுறீங்க?

— இந்த டாக்ஸியே உங்க பென்ஷன் பணத்துல வந்தது அத்தை. வேலை இல்லாம நின்னப்ப ஒரு கேள்வி கேக்காம எடுத்துக் குடுத்தீங்க. நான் மறக்கலை.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலை. கரண்ட் அடுப்புல பாத்திரம் கரி பிடிக்காது. பளபளன்னு இருக்கும்.

— பாத்திரம் தேய்க்கிறவ நான். உங்ககிட்ட வந்து அழுதேனா?

— அடுப்படியில வெக்கை இருக்காது.

— இருந்துட்டுப் போகட்டும். ஆமா, என் லைட்டர் எங்க? வெள்ளிக்கிழமை ரிப்பேர் பண்றேன்னு கையிலேருந்து வாங்கிட்டுப் போனீங்க. அன்னையிலேருந்து என்னை அடுப்படிப் பக்கமே விடறதில்லை. நாலு நாளா நீங்க போடற டீயைக் குடிக்கிறேன்.

— நல்லாத்தானே இருக்கு?

— சூடா இருக்கு.

— அத்தை, உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன். வீடு உங்க பேர்ல இருக்கு, நீங்க கையெழுத்து போட்டாத்தான் லைன் வரும். அடுப்புக்குப் போடுங்க.

— உண்மையான காரணம் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்பவே போடறேன்.

— காரணம்... அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை. கணக்கு தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அடுப்புதான் வேணும்.

— என் பொண்ணு கேட்டா என்ன சொல்லுவீங்க?

— கார் ஆசை விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்க இதைப் பத்தி அவகிட்ட வாயே திறக்க வேண்டாம்.

— பேனாவைக் குடுங்க.

— போடறீங்களா? அடுப்புக்கா?

— அடுப்புக்குத்தான். இந்தாங்க.

— இவ்வளவு நேரம் அந்தப் போடு போட்டீங்களே அத்தை, திடீர்னு எப்படி?

— வெள்ளிக்கிழமை பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சு. மறுபடி பத்த வைக்கலாம்னு லைட்டரை எடுத்தேன், நீங்க ஓடி வந்து பிடுங்கினீங்க. அப்புறம் கொட்டுற மழையில எல்லா ஜன்னலையும் திறந்து விட்டுட்டு, புழுக்கமா இருக்குன்னு சொன்னீங்க.

— புழுக்கமாத்தான் இருந்துச்சு அத்தை.

— பொய். போன வருஷம் வந்த காய்ச்சலோட என் மூக்கு போச்சு மாப்பிள்ளை. பூ வாசனையும் தெரியாது, காஸ் வாசனையும் தெரியாது. பெத்த பொண்ணுகிட்டயே மறைச்சேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா முதல் ஸ்டெப்லயே நீங்க ஜெயிச்சிருப்பீங்க. சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் இவ்வளவு நேரம் வாதாடினேன். என் உயிரையும் காப்பாத்திட்டு, என் மானத்துக்காகத் தப்புக் கணக்கும் போட்டுக்கிட்டு நிக்கிறீங்களே, நீங்க நல்லா இருக்கணும்.