மலைக்காற்றுக்குச் சின்னப் பட்டம்

இல்லை மேடம், சீனி போதும். பிளேன்டீக்கு நான் அதிகம் போடுவதில்லை. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காற்று பலமாக இருக்கும் நாளில் சின்னப் பட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் மாற்றி நினைப்பார்கள், பெரிய காற்றுக்குப் பெரிய பட்டம் என்று. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மோகன்தான் சிரித்துச் சிரித்துத் திருத்தினான்.

"டேய் சுதேஷு, காத்தடிக்கிற நேரம் பெரிய கொடைய விரிச்சின்னா என்னா ஆகும்? ஒன்னய தூக்கிட்டுப் போயி ஹேவாஹெட்டயில வச்சிரும்டா."

இரண்டு பேரும் ஹேவாஹெட்டையில் ஒரே தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர்கள் என்பதால் அதைச் சொல்லும்போது அவனுக்கு இன்னும் சிரிப்பு வரும்.

முதலாளி மேல் பிழை இல்லை, மஸீனா மேடம். அதைச் சொல்லத்தான் பொலிஸுக்கு வந்தேன். பட்டத்தில் ஓட்டை இருந்திருக்கும், கயிறு இற்றுப் போயிருக்கும் என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். அன்றைக்குக் காற்றடித்து, கயிறு பிரித்து, எல்லாம் சரி பார்த்தது நான். ஒரு குறையும் இல்லை. மோகனராஜ் விழுந்ததற்குக் காரணம் பட்டத்தின் அளவு. அவன் பன்னிரண்டு மீற்றர் பட்டத்தை எடுத்தான். ஏழு மீற்றர் பட்டத்தை எடுத்திருக்க வேண்டும்.

இது பிள்ளைகள் விடும் பட்டம் இல்லை. ஒரு அறையை மூடுகிற அளவு துணி. ஓரத்தில் காற்றடைத்த குழாய். ஆள் இடுப்பில் பட்டியைக் கட்டி, கயிற்றைக் கொக்கியில் மாட்டி, பலகையில் நின்றால் பட்டம் தண்ணீரின் மேல் இழுத்துக்கொண்டு போகும். எங்களிடம் ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று மூன்று இருந்தன. சதுர மீற்றர் கணக்கு. பெரியது அதிகமாகத் தூக்கும், அவ்வளவுதான்.

நாங்கள் பழகியது கற்பிட்டியில். அங்கே ஹோட்டலில் வேலை கிடைத்ததும் மோகன் என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். கடலை நான் முதலில் பார்த்ததே அவனோடுதான். அங்கே காற்று ஒரே சீராக வரும். காற்றின் வேகத்தை ஒரே நம்பராகச் சொன்னால் போதும், பட்டத்தை எடுத்துவிடலாம். திகன பக்கத்து நீர்த்தேக்கத்தில் முதலாளியிடம் வேலைக்கு வந்த பிறகு அந்தக் கணக்கு சரிவரவில்லை. மலை இடுக்கு வழியாக வரும் காற்று கொஞ்ச நேரம் செத்துக் கிடக்கும். பிறகு அறையும்.

அதற்காக மோகன் ஒரு முறை வைத்திருந்தான். நாங்கள் பட்டத்துக்குக் காற்றடிக்கும் இடம் பைன் மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே நின்றால் ஒன்றும் தெரியாது. அதனால் நான் காற்றின் வேகம் காட்டும் மீற்றரோடு பாறைமேல் ஏறி நிற்பேன். ஓய்வதையும் அறைவதையும் பார்த்துவிட்டு, கூடின எண்ணை மட்டும் கத்திச் சொல்வேன். "நடு நம்பர் எனக்கு வேணாம்டா, மேல் நம்பர சொல்லு. ஆள அடிக்கிறது அதுதான்" என்பான். நான் சொல்லும் எண்ணை அவன் திருப்பிக் கேட்டதே இல்லை.

அவன் வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு இருந்தது. அவன் மனைவி சுபாஜினி பல்லேகலயில் வேலை முடிந்து வந்து சமைப்பாள். நான் வரப் பிந்தினால் இரண்டு பேரும் சாப்பிடாமல் இருப்பார்கள். எனக்கு வேறு ஆள் இல்லை என்று சொல்ல வரவில்லை. அண்ணன் இருக்கிறான், நாவலப்பிட்டியில் மாமா இருக்கிறார். ஆனால் என்னைப் பார்த்ததும் முகம் மாறுகிற ஆள் அவர்களில் யாரும் இல்லை.

ஓமான் வேலையைப் பற்றி அவன் பட்டத்தை மடித்துக்கொண்டே சொன்னான். கடற்கரையில் பழக்குநர் வேலை, பிறகு சுபாஜினியையும் எடுத்துக்கொள்ளலாம்.

"ஒனக்கும் ஒன்னு பாக்குறேன்டா" என்றான்.

பஸ்ஸில் ஏறிய பிறகு கீழே நிற்பவருக்கு எல்லோரும் சொல்வதுதானே. நான் சந்தோஷம் என்றேன். அன்று இரவும் அங்கேதான் சாப்பிட்டேன்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு வீடியோ கேட்டிருந்தார்கள். மோசமான காற்றில் அவன் எப்படிப் பாய்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். காற்று வரும்வரை காத்திருந்து, வந்த நாளில் இறங்கினோம். படம் எடுக்க சுபாஜினி லீவு போட்டு வந்திருந்தாள்.

நான் பாறைமேல் நின்றேன். மீற்றர் இருபத்தொன்பது காட்டியது. பிறகு காற்று விழுந்து பதினாலுக்கு வந்தது. கீழேயிருந்து மோகன் கத்தினான்.

"என்னாடா சொல்லுது?"

"பதினாலு."

நான் சொன்னபோது மீற்றரில் இருந்தது பதினாலுதான். அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

"பதினாலா? மரம் இந்த ஆட்டு ஆடுது?"

"அது மேல போற காத்து மச்சான். தண்ணியில இல்ல."

அது பொய்.

"அப்ப பன்னெண்டு" என்றான்.

"ஒம்பதே போதுமே" என்றேன்.

"பயந்தாங்கொள்ளி. ஓமான்காரன் பாயச் சொல்றான், இவன் ஒம்பது தர்றான்."

"அண்ணே சொல்றாங்கல்ல, ஒம்பதயே எடுங்களேன்" என்றாள் சுபாஜினி.

"ஒங்கண்ணனுக்கு என்னய பறக்க விட மனசில்ல" என்றான் மோகன். மூன்று பேருமே சிரித்தோம்.

ஒன்பது என்று நான் சொன்னதை அவர்கள் இரண்டு பேரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். பதினாலு என்று கேட்ட பிறகு அவன் ஒன்பதைத் தொடமாட்டான் என்று தெரிந்துதான் சொன்னேன். இருபத்தொன்பதுக்கு ஒன்பதும் பெரிது, மேடம்.

நான் நினைத்தது ஒரு கால் சுளுக்கு. இல்லாவிட்டால் ஒரு எலும்பு. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பான், விசா தேதி தாண்டும், அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த மாதிரிக் காற்றில் பன்னிரண்டு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். கற்பிட்டியில் ஒரு வெள்ளைக்காரரைக் கூரைமேலிருந்து இறக்கினோம். கால் பக்கம் பிடித்தது நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டத்தை ஏற்றும்போது ஒருவர் பிடித்து நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் கயிற்றின் மறு முனையில் நின்று பட்டத்தையே பார்ப்பார். தண்ணீர் அவர் முதுகுப் பக்கம். பட்டத்தைப் பிடித்து நிற்பவர்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அக்கரையிலிருந்து காற்று கிளம்பினால் தண்ணீர் கறுத்துக்கொண்டே வரும். அது தெரிந்தால் தலையை ஆட்ட வேண்டும். ஆட்டினால் ஓட்டுகிறவர் கட்டைவிரலை இறக்கிவிடுவார், எல்லாம் நின்றுவிடும். இதுவும் மோகன் வைத்த முறைதான்.

அன்று பாறையிலிருந்து இறங்கி வந்து பட்டத்தைப் பிடித்தது நான். எங்கள் கரையில் அப்போது ஓய்ந்திருந்தது. விடு என்று அவன் கட்டைவிரலை உயர்த்தினான். தண்ணீர் பாதிவரை கறுத்திருந்தது. நான் கொஞ்சம் பொறுத்தேன். கவனமாகப் பார்க்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான். பல்லைக் காட்டிச் சிரித்தான். கறுப்பு இன்னும் கிட்ட வந்தது. நான் தலையை ஆட்டவில்லை. கையை விட்டேன்.

பட்டம் அழகாக ஏறியது. அவன் கால் இன்னும் கரையில்தான் இருந்தது. காற்று அவனை எடுத்து, படகுக் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் கல் கட்டின்மேல் போட்டது. கொக்கியைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை. மேலே போகும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அருகில் அவன் மனைவி நின்றாள், கூப்பிட்டது என்னை.

கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் அவன், "நாந்தான் பேராச பட்டேன், சுதேஷு ஒம்பதுன்னு சொன்னான்" என்கிறான். சுபாஜினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் தினமும் போகிறேன். கஞ்சி ஊட்டுகிறேன், முகம் துடைக்கிறேன். வோர்ட் கதவில் நான் தெரிந்ததும் அவன் கண் மட்டும் என்னோடு வரும். நான் என்ன செய்ய முடியும், மேடம்? நடந்ததை யாராலும் திருப்ப முடியாது. இருக்கிறதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாளியை விட்டுவிடுங்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஓமான்காரர்களுக்கு நானே விஷயத்தை அறிவித்துவிட்டேன்.

ஒரு உதவி மட்டும். சுபாஜினி அவனை நாவலப்பிட்டிக்கு, தன் தாய் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். அங்கே ஏற்றமான படி, அவனைத் தூக்க ஆம்பிளை ஆளும் இல்லை. அவளும் வேலைக்குப் போக வேண்டும். புண் வராமல் அவனை எப்படித் திருப்பிப் போடுவது என்று நர்ஸ் எனக்குக் காட்டித் தந்திருக்கிறார். இப்போது அவனுக்கு என்னை விட்டால் வேறு யாரும் சரிவரமாட்டார்கள். எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டுமென்றாலும் இருந்துவிட்டு வருகிறேன். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். நான் வந்த பிறகு அவனை என்னிடம் விட்டுவிடச் சொல்வீர்களா, மேடம்?