மூணு நம்பர்

கன்னையன்: ஏனுங்க அம்மிணி, இப்பத்தான எழுதி வெச்சேன். போர்டுல என்ற நம்பரை எதுக்கு அழிச்சீங்க?

விஜயராணி: கையில துணி இருந்துச்சு மாஸ்டர். அழிச்சேன்.

கன்னையன்: லாட்டரிய விட்டு இன்னையோட முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளுங்க. சால்வை வாங்கி வெச்சிருக்கறாங்க. நம்ம குழுவுல இதுவரைக்கும் ஒருத்தரும்...

விஜயராணி: சால்வையப் போத்திக்கோங்க. நம்பர எழுதாதீங்க.

கன்னையன்: பேரு சொல்லோணும், எத்தனை நாளுன்னு சொல்லோணும், நாங்க கைதட்டோணும். அதுதானுங்க இங்க முறை.

விஜயராணி: பேரு விஜயராணி. பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷன். நாள் சொல்ல மாட்டேன்.

கன்னையன்: மூணு மாசமா இதே அடம். வெக்கமாங்க? கம்மியா இருந்தா என்ன...

விஜயராணி: வெக்கமெல்லாம் எப்பவோ போச்சு. நாம என்ன ஆட்டத்துல கெட்டோம் மாஸ்டர்?

கன்னையன்: தெரியாத மாதிரி கேக்கறீங்க. மூணு நம்பர் லாட்டரி.

விஜயராணி: பெட்டியில ஒட்டுற லாட் நம்பர விட்டோமா? ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப பெட் நம்பரக் கூட லாட்டரியில கட்டுனவ நான். என் கண்ணு முன்னாடி வாராவாரம் மூணு நம்பரப் பெருசா எழுதிப் போட்டா?

கன்னையன்: என்ற நாள் கணக்கையா சொல்றீங்க?

விஜயராணி: போன ஞாயிறு முன்னூத்தி அம்பத்தெட்டு. நைட்டெல்லாம் அதே நெனப்பு. திங்கக்கிழம மதியம் பேக்கரிக்குப் பின்னாடி, சீட்டு எழுதுறவன்கிட்ட போயிட்டேன்.

கன்னையன்: அட கெரகமே. கட்டிப்போட்டீங்களா?

விஜயராணி: கட்டிட்டேன். இன்னைக்கு எனக்கு ஆறு நாள். ஒத்த நம்பர வச்சு இங்க எவனும் கட்ட முடியாது, அதான் சொல்றேன்.

கன்னையன்: சரிங்க... இன்னிக்கு ஒருநாள் சால்வை முடியட்டும். அடுத்த வாரத்துல இருந்து எழுத வேண்டாம்.

விஜயராணி: இன்னைக்கே வேண்டாம்.

கன்னையன்: ஆளுங்க படியேறி வாராங்க. மார்க்கரைக் குடுங்க.

விஜயராணி: தர மாட்டேன். அன்னைக்கு சீட்டு எழுதுறவன் என்னயப் பாத்துச் சிரிச்சான் மாஸ்டர். "என்னக்கா, இன்னைக்கு எல்லாருக்கும் முன்னூத்தி அம்பத்தெட்டு மேலயே ஆசை? இப்பத்தான் ஒருத்தர் கட்டிட்டுப் போறாரு"ன்னான்.

கன்னையன்: ...யாருன்னு கேட்டீங்களா?

விஜயராணி: கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

கன்னையன்: மார்க்கரைக் குடு கண்ணு.

விஜயராணி: இவ்வளவு சொல்லியும்...

கன்னையன்: ஆறுன்னு எழுதறேன்.

விஜயராணி: என் நாளை நான் எழுதிக்கிறேன். நீங்க எதுக்கு?

கன்னையன்: உன்றதில்ல கண்ணு. என்றது.